ஆயுத பூஜைப் பொட்டு, அத்தப்பூ, அப்புறம் தங்கச்சிக்கு வந்த வரன்

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். களியக்காவிளைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. ஆயுத பூஜை அன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டருக்கும் உங்கள் நெற்றிக்கும் சேர்த்தே பொட்டு வைக்க வருகிறார்கள். ஓணத்துக்கு அத்தப்பூ என்கிற பூக்கோலம் போடுகிற குழுவில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டார்கள், புதிதாக ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்திருக்கிற சித்தி அது பாவம் என்கிறார். ரூமில் கூட இருக்கிற ஒருவன் விளையாட்டுக்கு ‘அரிசி மூட்டை’ என்று, அதாவது இலவச அரிசிக்காக மதம் மாறினவன் என்று, கூப்பிடுகிறான். சர்ட்டிபிகேட்டில் இந்து என்று இருக்கிற ஒரு நண்பன் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு ஆலயத்துக்கு வருகிறான், அவனைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், தங்கச்சிக்கு வந்த வரன் வீட்டார் பிறந்த நேரம் கேட்டார்கள் என்று ஒரே ஒரு வரி. இதிலெல்லாம் எவ்வளவு தூரம் வளையலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

நான் போதகர் இல்லை. மார்த்தாண்டம் பக்கத்தில் வரலாறு நடத்தி ரிட்டயர் ஆனவள், முப்பது வருஷத்துக்கு மேல் ஓய்வுநாள் பள்ளி எடுத்தவள், அவ்வளவுதான். என் கணக்கில் உங்கள் கேள்வி தலைகீழாக நிற்கிறது. பொட்டுக்கு ஒரு பத்தி எழுதிவிட்டு வரனுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சரி, உங்கள் வரிசையிலேயே வருகிறேன்.

ஆயுத பூஜை. இதே குழப்பம் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு வந்தது. அங்கே கடையில் விற்ற இறைச்சியில் நிறைய கோயிலில் படைத்துவிட்டு வந்தது, அதை வாங்கலாமா கூடாதா என்று சபையே இரண்டு பட்டது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8, 10 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். மனுஷன் ஒரே பதிலாகச் சொல்லவில்லை. கடையில் விற்பதா, எங்கிருந்து வந்தது என்று துருவாமல் வாங்கிச் சாப்பிடு. ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டு இலையில் வைக்கிறாரா, கேள்வி கேட்காமல் சாப்பிடு. ஆனால் பக்கத்தில் ஒருவன் ‘இது படைத்தது’ என்று எடுத்துச் சொன்னால், அவனுக்காகச் சாப்பிடாதே. அப்புறம், அந்தப் பந்தியிலேயே போய் உட்கார்ந்து வழிபாட்டில் பங்கெடுப்பது, அது மட்டும் கிடையவே கிடையாது. நம் ஆட்களில் ஒரு கூட்டம் முதல் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாம் சரி என்கும், இன்னொரு கூட்டம் கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாயசத்தைச் சாக்கடையில் கொட்டும்.

ஆகவே பொரியும் சுண்டலும் வேறு, தட்டுக்கு முன்னால் கைகூப்பி நின்று பொட்டு வாங்கிக்கொள்வது வேறு. இரண்டாவதை நான் செய்ய மாட்டேன். கி.பி. 112 வாக்கில் பித்தினியா என்ற ரோம மாகாணத்தில் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்கள் என்று பிடிபட்டவர்களிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சக்கரவர்த்தியின் சிலைக்கு முன்னால் கொஞ்சம் சாம்பிராணி, கொஞ்சம் திராட்சரசம், அதோடு கிறிஸ்துவைப் பழித்து ஒரு வார்த்தை. செய்தவனை விட்டுவிட்டார். அந்தக் காலத்திலும் சின்ன விஷயம்தானே என்று சொல்லத் தோன்றுகிற மாதிரிதான் அது இருந்தது. உங்கள் ஆபீஸ் ரோமாபுரி இல்லை, உங்களை யாரும் சிங்கத்துக்குப் போடப் போவதும் இல்லை. அதனாலேயே மரியாதையாக மறுப்பதற்கு உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது.

எப்படி மறுப்பது? தட்டு முகத்துக்கு நேரே வந்த பிறகு தலையைப் பின்னால் இழுக்காதீர்கள், அது கொண்டுவருகிறவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், தலைமையாசிரியர் குத்துவிளக்கு ஏற்ற என்னைத்தான் சொன்னார், புதுசாக வந்த பிள்ளை என்று ஆசையாக. எனக்கு இருபத்துநாலு வயது, நாக்கு ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் தனியாகப் போய், “சார், நான் சாமி கும்பிடுற இடத்துல நிக்க மாட்டேன், மத்த எல்லா வேலைக்கும் நிக்கேன்” என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அப்ப பொரி கட்டுறதுக்கு வா” என்றார். அதற்கப்புறம் நான் ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிப் பொரிகடலை கட்டுவது என் வேலை. என்னோடு இருந்த இன்னொரு கிறிஸ்தவ வாத்தியாருக்கு வருஷம் தவறாமல் அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி வரும். அவரைப் பற்றித்தான் ஸ்டாஃப் ரூமில் பேசுவார்கள், என்னைப் பற்றி இல்லை.

பக்கத்து வீட்டு விஷயம் இதைவிட நுணுக்கம். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா வீட்டுப் பூஜைக்குப் பாயசம் வைத்தால் ஒரு தூக்குவாளி நமக்கு வரும். வேலி மேலே நீட்டும்போதே, “டீச்சரே, இது சாமிக்கு வைக்கதுக்கு முன்னயே எடுத்தது” என்பார். நாங்கள் கேட்டதில்லை, அவராகவே செய்தது. கிறிஸ்துமஸுக்கு அதே தூக்குவாளியில் அம்மா முந்திரிக்கொத்து போட்டு அனுப்புவார், பாத்திரம் வெறுமையாகத் திரும்பிப் போனதே இல்லை. 1982-இல் மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது, துப்பாக்கிச் சூடு, சாவு, ஊர் முழுக்கச் சந்தேகம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தத் தூக்குவாளி வரவில்லை, எங்கள் வீட்டிலிருந்தும் போகவில்லை. மூன்றாவது வருஷம் ஒரு நாள் மத்தியானம் அந்த அக்கா ஒரு பலாப்பழத்தைப் பாதி அறுத்து எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். பலாப்பழத்தை யாரும் படைத்துவிட்டா கொண்டுவருவார்கள் என்று அம்மா கேட்கவும், இரண்டு பேரும் சிரித்தார்கள். பவுல் சொன்னதை அந்த அக்கா எங்கும் வாசித்திருக்க மாட்டார்.

ஓணத்துக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமும் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சிதான், இன்றைக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் எத்தனையோ வீடுகளில் அத்தப்பூ போட்டு, ஓண விருந்தான சத்யையும் சாப்பிடுகிறார்கள். அத்தம் தொடங்கித் திருவோணம்வரை பத்து நாள் தரையில் பூ வைப்பது, என் மனசாட்சிப்படி, பூ வைப்பதுதான். ஆனால் களிமண்ணில் திருக்காக்கரயப்பன் உருவத்தைக் குத்தி வைத்து, அடை நிவேதித்து, ஆர்ப்பரித்துக் கூவுகிற இடம் வாமன வழிபாடு. அங்கே ஓரமாக நில்லுங்கள். ஆபீஸ் போட்டியில் இந்த வழிபாடு வராது, ஜட்ஜுக்கு நேரம் இருக்காது.

சித்தியை எகத்தாளம் பண்ணாதீர்கள். ரோமர் 14 அதிகாரம் அவரைப் போன்றவருக்காகவும் எழுதியதுதான், உங்களைப் போன்றவருக்காகவும் எழுதியதுதான். தின்கிறவன் தின்னாதவனை அற்பமாக எண்ணக் கூடாது, தின்னாதவன் தின்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. ஓணப் போட்டோவைக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போடாதீர்கள். அது அன்பு, பயம் இல்லை.

‘அரிசி மூட்டை’க்கு என்ன பதில் சொல்ல என்று கேட்டீர்கள். நம் ஆட்கள் வழக்கமாக, எங்கள் முன்னோர் யாரும் எதையும் எதிர்பார்த்து வரவில்லை என்று சத்தம் போடுவார்கள். அது உண்மை இல்லை, அதைச் சொல்லாதீர்கள். மயிலாடி ஊர்க்காரரான மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் ஆலயத்துக்குள் நுழைந்து, ஞானஸ்நானம் எடுத்து வேதமாணிக்கம் ஆனது 1799. அவர் அழைத்துத்தான் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். கூட்டம் கூட்டமாக வந்தவர்களில் பலர் வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்கத்தான் வருகிறார்கள் என்று அலுத்துக்கொண்டவரே அந்த ரிங்கல்தௌபேதான். ஊழியம் என்றால் என்னவென்று உங்கள் தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்கு ‘அண்ணன் முழுநேர ஊழியத்தில் இருக்கிறார்’ என்கிறோமே, அன்றைக்கு அந்த வார்த்தைக்குக் கூலியில்லாமல் அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் சுமை சுமப்பது என்று அர்த்தம். தலைக்கு வரி வேறு. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் முதுகு நிமிர்த்த ஆசைப்பட்டவனைப் பேராசைக்காரன் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் ரூம்மேட்டுக்குச் சொல்லுங்கள். நம் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகம் 1822-இல் தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு எரிந்தது. சந்தையில் வைத்துப் பெண்களின் மேல்துணியைக் கிழித்தார்கள், ஆலயங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். 1829 உத்தரவு குப்பாயம் என்கிற சட்டையைப் போட்டுக்கொள், மேல்சீலை போடாதே என்றது. கடைசியாக 1859 ஜூலை 26 அறிக்கைகூட மேலே மறைத்துக்கொள்ள அனுமதித்துவிட்டு, உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் போடக்கூடாது என்று வால் ஒட்டியிருந்தது. இலவச அரிசிக்காக வந்த கூட்டம் இந்த முப்பத்தேழு வருஷமும் நின்றிருக்காது, முதல் தீயிலேயே கலைந்திருக்கும். பலர் கலைந்தும் போனார்கள். நின்றவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம்.

இதை அவனிடம் சண்டைக்குச் சொல்ல வேண்டாம், ஒரு நாள் ராத்திரி கஞ்சியும் பயறும் சாப்பிடும்போது கதையாகச் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு, அதாவது பதில், சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதியிருக்கிறார். அவனுடைய பாட்டி சொன்ன கதையையும் கேளுங்கள், எந்த சாதி என்றாலும் அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் சொல்ல ஒரு கதை இருக்கும்.

சர்ட்டிபிகேட் நண்பன். இது சங்கடமான இடம், சட்டத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது, 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. 2024 நவம்பர் 26 அன்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் எடுத்து ஆலயத்துக்குத் தொடர்ந்து போகிறவர் சலுகைக்காக மட்டும் இந்து என்று கோர முடியாது, அது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. ஆகவே உங்கள் நண்பனுக்கு இருக்கிற ஆபத்து நிஜம், அதை அவன் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நீங்களோ நானோ பிற்படுத்தப்பட்டோர் சலுகையில் காலேஜ் சீட் வாங்கிவிட்டு அவனை வேஷக்காரன் என்று சொல்வதற்கு வாய் கூச வேண்டும். ஞானஸ்நானம் எடுத்ததும் அவனைச் சாதி சொல்லித் திட்டுகிறவன் திட்டுவதை நிறுத்திவிட்டானா? நாகமானைப் பாருங்கள். எலிசாவிடம் வந்து குஷ்டம் நீங்கின சீரியத் தளபதி, இனி கர்த்தருக்கு மட்டும்தான் பலி என்றான், அதே மூச்சில், என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலில் குனிவான், நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்றான். எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்றார். இதைவிடக் கூடுதலாக நான் சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது அந்த ஒரு வரி.

தம்பி, பொட்டும் பூவும் வெளியே இருந்து வருகிறவை, வரும்போதே நமக்குத் தெரியும், நாமும் சுதாரித்துக்கொள்கிறோம். சாதியும் சீதனமும் ஜாதகமும் அப்படி வரவில்லை. அவை ஆலயத்தின் முன்வாசல் வழியாக, பட்டுச் சேலையில், கையில் வேதப்புத்தகத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. சுற்றியிருக்கிற பண்பாடு நம்மை எங்கே ஜெயித்தது என்று கேட்டால் என் பதில் இதுதான், ஆயுத பூஜை இல்லை.

நட்டாலத்துத் தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? 1712-இல் நீலகண்டனாகப் பிறந்தவர், பத்மநாபபுரம் அரண்மனை உத்தியோகஸ்தர். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் யோபுவின் கதையைச் சொல்லக் கேட்டு, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் எடுத்தார். எருமை மேல் பின்பக்கமாக உட்கார்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். எல்லாச் சாதிக்காரரோடும் அவர் கலந்து பழகியது அரண்மனையில் பலருக்குப் பொறுக்கவில்லை. அதே வடக்கன்குளத்தில் நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து ஒரு பெரிய ஆலயம் கட்டினார்கள், உள்ளே இரண்டு பகுதி, நடுவில் சுவர், ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் இன்னொரு சாதி. சுவரை இடித்தது 1910 வாக்கில், அதற்கும் கோர்ட்டு கேஸு. 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது தேவசகாயத்தின் பெயரிலிருந்து ‘பிள்ளை’யை எடுத்துவிட்டார்கள், அதற்கே எவ்வளவு மனு, எவ்வளவு முணுமுணுப்பு. செத்து 270 வருஷம் ஆன மனுஷனுடைய சாதியைக்கூட விட மனசு வரவில்லை நமக்கு. கத்தோலிக்கரைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க வேண்டாம், சி.எஸ்.ஐ.யில் எந்தச் சபைக்காரர் எந்தச் சபையில் பெண் எடுப்பார் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், ஒரு வரைபடமே போட்டுக் காட்டுவார்.

சீதனமும் அப்படித்தான். 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் இல்லாமல் அப்பா செத்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. கிறிஸ்தவர்களுக்கென்று எழுதிய சட்டம் இது. மேரி ராய் வழக்குப் போட்டு 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் மாறியது, அப்போது எதிர்த்ததில் சபைக்காரர்களும் இருந்தார்கள். 1961-லிருந்து வரதட்சணை குற்றம். ஆனாலும் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறதற்கு முன்னாலேயே பவுன் கணக்கு முடிந்திருக்கும், போதகருக்கும் தெரிந்திருக்கும்.

ஜாதகம் இதில் வேடிக்கையான பகுதி. ஜோசியரிடம் நேரே போனால் பெயர் கெட்டுவிடும் என்று, சொந்தக்காரர் மூலமாகப் பிறந்த தேதியும் நேரமும் வாங்கி அனுப்புகிறவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஆலயத்தில் கல்யாணம் என்றால், பன்னிரண்டுக்கு மேலே வைத்தால் பந்திக்கு வசதி என்று யாராவது சொல்வார்கள். வெள்ளி ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொட்டு வைக்க மறுத்ததற்குச் சாட்சி சொன்ன அதே வாய்தான்.

ஆகவே என் யோசனை. ஆபீஸில் இந்த வருஷம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பொரி கட்டப் போங்கள். திருவனந்தபுரத்தில் தமிழ் ஆராதனை நடக்கிற சபை ஒன்றைப் பிடித்து, நைட் ஷிப்ட் முடிந்து கண் எரிந்தாலும் போய் உட்காருங்கள். தனியாக ரூமில் போனில் பிரசங்கம் கேட்டு ஒருத்தரும் ரொம்ப நாள் நின்றதை நான் பார்க்கவில்லை, அசனத்துக்கு, அதான் சபை விருந்துக்கு, காய்கறி நறுக்கக் கூப்பிட நாலு பேர் வேண்டும். தங்கச்சி விஷயத்தில் அப்பாவையும் அம்மாவையும் விட்டுவிட்டு நீங்களே பேசுங்கள், அண்ணன் என்கிற முறைக்கு அங்கே மதிப்பு உண்டு. முதலில் தங்கச்சியிடம் கேளுங்கள், அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. பிடித்திருந்தால் வரன் வீட்டாரிடம், பிறந்த நேரம் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது, ஆனால் நாங்கள் தருவதாக இல்லை, இரத்தப் பிரிவு வேண்டுமானால் தருகிறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அடுத்த கேள்வி பவுன் எத்தனை என்றுதான் வரும். அதற்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.